ஆறு நூல்

டேப்பின் கொக்கி போன மாதமே முறிந்துவிட்டது.
அதிலிருந்து எங்கள் அளவெல்லாம்
ஒன்றில் தொடங்குகிறது.
ஒன்றின்மேல் நகத்தை ஊன்றிக்கொள்பவள் நான்,
மறுமுனையைப் படித்துச் சொல்பவன் இம்தியாஸ்.
அந்த ஒன்றை யார் கழிப்பது என்று
பேசிக்கொண்டதில்லை.

காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரி, பின்சுவர்.
மண்ணடியில் எடுத்த ஜிஐ பைப் பதினாலு
மீன்பாடி வண்டியில்
வாலில் சிவப்புத் துணியோடு வந்து இறங்கின.
பிளாஸ்டிக் இங்கே ஆகாது.
ஐஸ் பார் இடிக்கும், கொக்கி கீறும்.
இரும்பையே இந்தக் காற்று
மூன்று மழைக்குள் முறுக்காக்கிவிடும்.

பழைய சுவரும் புதிய சுவரும் சேருமிடத்தில்
நாலு இன்ச் புடைப்பு.
பைப் அங்கே ஏறவேண்டும்.
முப்பது டிகிரியில் இரண்டு வளைவு,
நாலை இரண்டால் பெருக்க எட்டு,
அது குறிக்கும் குறிக்கும் நடுவே.
ஏறுகிற பைப் நீளத்தில் குறுகும்,
இன்ச்சுக்கு இரண்டு நூல்.
நாலுக்கு எட்டு நூல், முழுசாக ஒரு இன்ச்.
அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

டேப்புக்கு ஒன்று கழி, வளைவுக்கு ஒன்று கூட்டு.
இரண்டும் சரியாய்ப் போச்சே,
அப்படியே குறித்துவிடலாமே என்று தோன்றும்.
தோன்றுவதைக் குறிக்கக் கூடாது.

கம்ப்ரசர் இரைச்சலில்
"நாப்பத்தேழு" என்று கத்தினான்.
கழித்தேன், கூட்டினேன்,
சாக்பீஸால் கோடு போட்டேன்.
பெண்டரில் கால் வைத்து இழுத்தேன்.

தூக்கிப் பிடித்தால்
புடைப்புக்கு ஒரு இன்ச் முன்னாலேயே
பைப் எழுந்து நிற்கிறது,
யாரும் கூப்பிடாமல் எழுந்து நின்ற பையன் போல.

"கழிச்சிட்டுத்தானே சொன்னேன்."
"கழிச்சேன்னு சொன்னியா?"
கம்ப்ரசர் அதற்கும் இரைந்தது.

வளைத்ததை நிமிர்த்தினால் வயிறு நசுங்கும்.
உள்ளே இழுக்கிற ஒயரின் தோல் உரியும்.
கதவோரம் சாய்த்து வைத்தோம்.
ஆளுக்குப் பாதி என்று அவன்தான் சொன்னான்.

அடுத்த பைப்.
முப்பதுக்கு முப்பத்திரண்டு வரை இழுக்கவேண்டும்,
ஏலக்காரன் மாதிரி
இரண்டு டிகிரி அது தனக்கென்று எடுத்துக்கொள்ளும்.
திருப்பிப் போட்டு இரண்டாவது வளைவு.
துளி முறுக்கினாலும் நாய்க்கால் ஆகிவிடும்.
ஒரு கண்ணை மூடி,
செவுளைப் பார்த்து வஞ்சிரம் வாங்குகிறவள் மாதிரி
நுனியிலிருந்து பார்த்தேன்.
ஒரே கோடு.

ஏழு கிளாம்ப், பதினெட்டு அடி.
மட்டப்பலகையில் குமிழ்
இரண்டு கோட்டுக்கும் நடுவில் உட்கார்ந்தது.

மேனேஜர் ஏகாம்பரம் வந்து நின்றார்.
"இன்னா பியூலா, கோணலா கீது?"

பைப் கோணல் இல்லை.
சுவர் கடல் பக்கமாய் இறங்கியிருக்கிறது.
செங்கல் வரிசையும் அப்படியே,
அதன்மேல் இழுத்த நீலப் பட்டையும் அப்படியே.
குமிழைக் காட்டினேன்.
குனிந்து, கண்ணாடியைக் கழற்றி, பார்த்தார்.
"சரிதாம்மா. ஆனா வர்றவன் செவுத்ததான பாப்பான்?
கையில இத வச்சிக்கினா வருவான்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
பதினெட்டு அடிக்கு ஆறு நூல் சரிவு.
முதல் கிளாம்ப் இருந்த இடத்திலேயே,
அடுத்தது ஒரு நூல் கீழே,
அதற்கடுத்தது இரண்டு.
ஏழாவதில் ஆறு.
நேராக இருந்த ஒன்றை
இவ்வளவு துல்லியமாகக் கோணலாக்கியது
இதுதான் முதல் தடவை.
குமிழ் ஒரு ஓரமாய் ஒதுங்கிப் போனது.
"இப்ப நேரா கீது" என்றார்.

உள்ளே வேர்க்கும் தண்ணீர்
இனிமேல் ஒரு முனைக்கு வடியும், அது நல்லதுதான்.
அந்த முனையில் ஒரு துளை போட்டேன்.
பில்லில் அதை எழுதவில்லை.

ஐஸ் இழுக்கும் வெங்கட்டையா
கதவோரம் கிடந்த பைப்பைத் தூக்கி
தோளில் வைத்துப் பார்த்தான்.
"இது எவ்ளோ?"

"முந்நூறு" என்றேன்.
அதே நேரம் "இருநூறு" என்றான் இம்தியாஸ்.

முறைத்தேன்.
"கழிச்சிட்டு சொன்னேன்" என்றான்.